யூகி: பிறக்கும் முன்பே நேர்ந்துவிடப்பட்ட மகள்

பெண்ணை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட ஜப்பானிய வாள்சண்டைப் படம் ஒன்றைப் பார்க்க விரும்புவதாகவும், எல்லோரும் ‘லேடி ஸ்னோபிளட்’ படத்தையே சொல்வதாகவும், அமெரிக்க இயக்குநர் டரான்டினோவின் ‘கில் பில்’ படத்துக்கு மூலம் என்பதைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது என்பது என் கருத்து. சொல்லப்போனால், ‘கில் பில்’லின் மூலம் என்ற அடையாளமே இந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவிடாமல் செய்துவிட்டது. கதையின் போக்கைச் சொல்லாமல் இதை விளக்க இயலாது. முடிவை அறியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானிய மொழியில் படத்தின் பெயர் ‘ஷுராயுகிஹிமே’. நாம் ஸ்னோ ஒயிட் என்று அறிந்திருக்கும் தேவதைக் கதை நாயகியின் ஜப்பானியப் பெயர் ‘ஷிராயுகிஹிமே’, அதாவது வெண்பனி இளவரசி. அந்தப் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, வெண்மையைக் குறிக்கும் ‘ஷிரா’ இருந்த இடத்தில் ‘ஷுரா’ என்று வைத்திருக்கிறார்கள். இந்த ‘ஷுரா’ நமக்கு அந்நியமான சொல் அன்று. பௌத்த நூல்களோடு சீனம் வழியாக ஜப்பானுக்குச் சென்ற நம் ‘அசுர’ என்ற சொல்லே அங்கு ‘அஷுரா’ என்றும் சுருங்கி ‘ஷுரா’ என்றும் ஆயிற்று. பௌத்தம் கூறும் ஆறு பிறவி நிலைகளில் ஒன்று அசுரர்களின் உலகம். அங்கே பிறந்தவர்களுக்குச் சண்டை ஒருபோதும் ஓயாது. அசுரப் பனி இளவரசி என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆங்கிலத் தலைப்பு பனியையும் இரத்தத்தையும் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் ஓயாத சண்டைக்கென்றே பிறந்தவள் என்ற பொருளைத் தவறவிட்டுவிட்டது.

கதாசிரியர் கஸுவோ கொய்கேயும் ஓவியர் கஸுவோ கமிமுராவும் சேர்ந்து 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஒரு வார இதழில் வெளியிட்ட தொடர் சித்திரக்கதையே படத்தின் மூலம். அதை இயக்குநர் தோஷியா ஃபுஜிதா படமாக்கினார். தோஹோ நிறுவனம் 1973 டிசம்பரில் வெளியிட்டது. நாயகி யூகியாக நடித்தவர் மெய்கோ காஜி. படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும். நான்கு அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தலைப்போடு தொடங்கும்.

கதை இதுதான். 1868இல் பேரரசரின் பெயரால் தொடங்கிய மேய்ஜி காலத்தின் தொடக்கத்தில், ஒரு சிற்றூருக்குப் புதிதாக வரும் பள்ளி ஆசிரியரை, அவர் வெள்ளை உடை அணிந்திருப்பதைச் சாக்காக வைத்து, இராணுவத்துக்கு ஆள்பிடிக்க வந்த அரசு அதிகாரி என்று ஊராரிடம் கிளப்பிவிட்டு, மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் கொண்ட கும்பல் கொன்றுவிடுகிறது. அவருடைய சிறு மகனும் கொல்லப்படுகிறான். மனைவி சாயோ வன்கொடுமைக்கு உள்ளாக்கப்படுகிறாள். அந்த நால்வரில் ஒருவன் அவளைத் தன்னோடு தோக்கியோவுக்கு இழுத்துச் செல்ல, அவள் சமயம் பார்த்திருந்து அவனைக் குத்திக் கொல்கிறாள். ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குச் சென்றபின், எஞ்சிய மூவரைத் தன் கையால் தொட முடியாது என்று உணர்ந்து, தனக்காகப் பழிதீர்க்க ஒரு குழந்தை வேண்டும் என்பதற்காகவே சிறைக் காவலர்களோடு கூடிக் கருவுறுகிறாள். 1874ஆம் ஆண்டில் பனி பொழியும் ஓர் இரவில் பெண் குழந்தையைப் பெற்றெடுத்து, யூகி என்று பெயரிட்டு இறந்துபோகிறாள். யூகி என்றால் பனி. உடன் சிறையிருந்த பெண் வழியாகக் குழந்தை ஒரு துறவியிடம் சேர்கிறது. அவர் இரக்கமே இல்லாமல் அவளுக்கு வாள் பழக்குகிறார். இருபது வயதில் யூகி அந்த மூவரைத் தேடிப் புறப்படுகிறாள்.

இதை ஒரு வழக்கமான பழிவாங்கும் கதையாகப் படிக்கலாம். பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் கொய்கே இந்தக் கதையை ஏன் அந்த ஆண்டுகளில் கொண்டுபோய் வைத்தார் என்று கேட்டால் படம் வேறாகத் தெரியத் தொடங்கும்.

1868ஆம் ஆண்டில் ஷோகுன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி முடிந்து, பேரரசரின் பெயரால் புதிய அரசு அமைந்தது. போர் செய்வது சாமுராய்களின் தனியுரிமை என்ற பழைய ஏற்பாட்டை உடைத்து, குடிமக்கள் அனைவரிடமிருந்தும் படைக்கு ஆள் எடுக்கும் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் 1873 ஜனவரியில் வந்தது. அதற்குச் சற்று முன்பு வெளியான அறிவிக்கை, நாட்டுக்கு உயிரைக் கொடுத்துச் செய்யும் இந்தக் கடமையை மேற்கு நாட்டார் ‘இரத்த வரி’ என்று அழைப்பதாகக் குறிப்பிட்டிருந்தது. உருவகமாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல் கிராமங்களுக்குப் போனபோது நேர்ப்பொருளாகிவிட்டது. அரசாங்கத்து ஆட்கள் வந்து இளைஞர்களின் இரத்தத்தை உண்மையாகவே உறிஞ்சி எடுத்துச் செல்வார்கள் என்ற வதந்தி பரவியது. வெள்ளை உடைக்காரர்களைக் கண்டு ஊர்கள் அஞ்சின. அந்த ஆண்டில் மிமாசாக்கா, சானுகி முதலிய மேற்கு ஜப்பானியப் பகுதிகளில் பெரும் கலவரங்கள் மூண்டன; வரலாற்றாசிரியர்கள் அவற்றை ‘இரத்த வரிக் கலவரங்கள்’ என்றே அழைக்கிறார்கள். சட்டத்தில் விலக்குகளும் இருந்தன: குடும்பத் தலைவர், வாரிசு, அரசு அலுவலர் ஆகியோரோடு, 270 யென் கட்டக்கூடியவருக்கும் விலக்கு உண்டு. அந்தத் தொகை சாதாரண உழவனுக்குக் கைக்கெட்டாதது. விலக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி ஊராரிடம் பணம் பறிப்பதுதான் அந்த நால்வரின் தொழில். ஆசிரியரின் வெள்ளை உடை அவர்களுக்கு வாய்த்த விளம்பரம். கதையின் முதல் கொலை, ஒரு சட்டத்தின் சொல்லாட்சியிலிருந்தும் அது கிளப்பிய அச்சத்திலிருந்தும் பிறக்கிறது.

இன்னொன்றும் அதே ஆண்டில் நடந்தது. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் தந்தையையோ மூத்த உறவினரையோ கொன்றவனைத் தேடிக் கொல்வது, அதிகாரிகளிடம் முறையாகப் பதிவு செய்துகொண்டால், சாமுராய்க்கு அனுமதிக்கப்பட்ட செயலாக இருந்தது. பிள்ளைக்காகப் பெற்றோர் பழிதீர்ப்பதை அந்த மரபு ஏற்கவில்லை. 1873 பிப்ரவரியில் புதிய அரசு பழிவாங்கும் கொலைகள் அனைத்தையும் தடை செய்தது. 1876இல் பொதுவெளியில் வாள் தரிக்கும் உரிமையையும் பறித்தது. ஆக, யூகி வளர்ந்து வெளியே வரும்போது, அவள் செய்யப் புறப்பட்ட காரியமும் சட்டவிரோதம். அதற்கு வேண்டிய கருவியும் சட்டவிரோதம். அவள் தன் வாளை எண்ணெய்க் காகிதக் குடையின் கைப்பிடிக்குள் மறைத்துக்கொண்டு நடப்பதைப் பலர் அழகான கற்பனை என்று பாராட்டுவார்கள். அழகுதான், ஆனால் வாளைக் குடையாக்கித்தான் நடமாட முடியும் என்ற நிலைமை வரலாற்றில் இருந்தது. படம் இதை விளக்கிச் சொல்வதில்லை. ஜப்பானியப் பார்வையாளருக்கு விளக்கத் தேவையும் இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சாயோவின் முடிவு எவ்வளவு கொடுமையானது என்பது புரியும். கணவனுக்கும் மகனுக்குமாக அவளே கேட்கக்கூடிய நீதி எதுவும் இல்லை. பழைய மரபு ஏற்றது பெற்றோரைப் போன்ற மூத்தோருக்காக இளையோர் தீர்க்கும் பழியையே. எனவே அவள் ஒரு பிள்ளையை உண்டாக்குகிறாள். கோயிலுக்கு ஆட்டுக்குட்டியை நேர்ந்துவிடுவதைப் போல, பிறக்கும் முன்பே அந்தக் குழந்தை வஞ்சினத்துக்கு நேர்ந்துவிடப்படுகிறது. அரசு பிள்ளைகளின் இரத்தத்தை வரியாகக் கேட்டது என்பதுதான் ஊராரின் அச்சம்; அந்த அச்சத்தால் எல்லாவற்றையும் இழந்த தாய், அதே வரியைத் தன் மகள்மேல் விதிக்கிறாள். படத்தின் மையம் இதுதான் என்று நான் கருதுகிறேன். யூகி கொல்லப் போகும் மூவரை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அவர்கள் அவளுக்கு நேரடியாக எந்தத் தீங்கும் செய்ததில்லை. கொலையுண்ட ஆசிரியர் அவளுடைய தந்தையும் அல்லர். வேறொருத்தியின் கடனை அடைப்பதற்காக மட்டும் உயிரோடு இருக்கிற ஒருத்திக்குத் தனக்கென்று ஏதேனும் மிஞ்சுமா என்ற கேள்வியைப் படம் கடைசிவரை கைவிடுவதில்லை.

இந்தக் கேள்வியை வசனத்தால் எழுப்பியிருந்தால் படம் சாதாரணமாகிப் போயிருக்கும். அதை மெய்கோ காஜியின் முகத்தில் எழுப்பியிருக்கிறார்கள். 1947இல் தோக்கியோவில் பிறந்த அவருடைய இயற்பெயர் மசாகோ ஓதா. நிக்காட்ஸு நிறுவனத்தில் தொடங்கி, ‘ஸ்ட்ரே கேட் ராக்’ வரிசைப் படங்களில் ஊர்சுற்றும் இளைஞர் கூட்டத்தின் தலைவியாகப் பெயர் பெற்றார். அவ்வரிசையில் சில படங்களை இயக்கியவர் இதே ஃபுஜிதா. 1971இல் அந்நிறுவனம் பாலியல் படங்களின் பக்கம் திரும்பியபோது காஜி வெளியேறி, தோயெய் நிறுவனத்தின் ‘ஃபீமேல் பிரிசனர் ஸ்கார்ப்பியன்’ வரிசையில் நடித்தார். அதன் மூலச் சித்திரக்கதையில் நாயகி வாயைத் திறந்தாலே வசைச்சொல் கொட்டுவாள்; காஜியோ அந்தப் பாத்திரம் பெரும்பாலும் பேசாமலே இருக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பெற்றுக்கொண்டார். அங்கே கண்டடைந்த மௌனத்தைத்தான் யூகிக்கும் கொண்டுவந்தார். ஆனால் இரண்டு மௌனங்களும் ஒன்றல்ல. சிறைக்கைதியின் மௌனத்தில் கோபம் கொதிக்கிறது. யூகியின் மௌனத்தில் அந்தக் கோபம் அவளுடையதுதானா என்ற ஐயமும் கலந்திருக்கிறது. முதல் எதிரியான பான்ஸோ கடற்கரையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுக் கதறும் காட்சியில் காஜியின் கண்களைக் கவனியுங்கள். அந்த ஆள் குடியிலும் சூதாட்டத்திலும் சீரழிந்து, உடலை விற்றுத் தன்னைக் காப்பாற்றும் மகளின் வருவாயில் உயிர்வாழ்கிறவன். அவனைக் கொல்வதில் வெற்றி என்று சொல்ல எதுவும் இல்லை என்பது யூகிக்கும் தெரிகிறது. தெரிந்தும் வாள் இறங்குகிறது.

படத்தின் பாடலைப் பாடியவரும் காஜிதான். கொய்கே எழுதி, மசாக்கி ஹிராவோ இசையமைத்த ‘ஷுரா நோ ஹனா’ என்ற அந்தப் பாடலின் பெயரை அசுர மலர் என்று சொல்லலாம். கதையை முன்னரே அறிந்த ஒருத்தி நிதானமாகச் சொல்வது போல அது ஒலிக்கும்.

சண்டைக் காட்சிகளைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். கைகால்களின் வேகத்தையும் பயிற்சியின் நுட்பத்தையும் எதிர்பார்த்து வருகிறவர் ஏமாறக்கூடும். காஜி தற்காப்புக் கலையில் வளர்ந்தவர் அல்லர். கிமோனோவின் இறுக்கத்தில் அவர் நடை குறுகியது. வெட்டுகள் ஒன்றிரண்டுக்கு மேல் போவதில்லை. பிறகு இரத்தம் குழாய் உடைந்தாற்போல் பீறிடும். அந்தக் குருதிப் பீறல் அக்காலத்து வாள்சண்டைப் படங்களின் மொழி. கொய்கேயின் இன்னொரு சித்திரக்கதையிலிருந்து உருவான ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ படங்கள் 1972 முதல் அதைப் பெரிய அளவில் பரப்பியிருந்தன. இங்கே அதன் பயன் வேறு. வெள்ளைக் கிமோனோ, வெண்பனி, வெளுத்த முகம் என்று எல்லாவற்றையும் வெற்றுத்தாளாக வைத்துக்கொண்டு, அதன்மேல் சிவப்பு விழுவதைப் படம் காட்டுகிறது. உண்மையான இரத்தத்தைப் போல் தோன்ற வேண்டும் என்ற கவலை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கமிமுராவின் ஓவியங்களையே படத்தின் நடுவே நேரடியாகக் காட்டுவதும் இந்த மனப்போக்கின் தொடர்ச்சிதான்.

அதே சமயம், ஊராரின் வெறியையும் கூட்டத்தின் நெரிசலையும் காட்டும் இடங்களில் ஒளிப்பதிவுக் கருவி தோளில் ஏறிக்கொண்டு செய்திப்படம் போல அலைகிறது. ஒளிப்பதிவாளர் மசாகி தமுரா, நரிதா விமான நிலையத்துக்காக நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்த உழவர்களின் போராட்டத்தைப் பற்றி ஷின்சுகே ஒகாவா எடுத்த ஆவணப்படங்களில் பணியாற்றியவர். அரசுக்கும் உழவருக்கும் இடையிலான மோதலை நேரில் நின்று படம்பிடித்த கை, நூறாண்டுக்கு முந்தைய கலவரத்தின் கதையையும் படம்பிடித்தது. ஃபுஜிதாவும் வாள்சண்டைப் படங்களின் பள்ளியிலிருந்து வந்தவர் அல்லர்; இளைஞர் வாழ்க்கைப் படங்கள் எடுத்தவர். நாடக மேடை போன்ற செயற்கையும் தெருவின் பதற்றமும் ஒரே படத்தில் முட்டிக்கொள்வதற்கு இந்த இருவரும் காரணம். சில இடங்களில் இரண்டும் ஒட்டாமல் நிற்பதையும் மறுப்பதற்கில்லை.

பெண் வாளேந்துவது இந்தப் படத்தில்தான் தொடங்கியது என்று சிலர் எழுதுவது தவறு. தோயெய் நிறுவனத்தின் ‘ரெட் பியோனி கேம்ப்ளர்’ வரிசையில் ஜுன்கோ ஃபுஜி 1968 முதல் 1972 வரை எட்டுப் படங்களில் சூதாட்டக்காரியாக நடித்து, பெருங்கூட்டத்தை ஈர்த்திருந்தார். கடமைக்கும் மனத்துக்கும் இடையே தவிக்கும் அந்தக் கண்ணியமான நாயகி திருமணத்தை முன்னிட்டுத் திரையிலிருந்து விலகிய மறு ஆண்டில் யூகி வந்தாள். முன்னவளுக்குக் காக்க ஒரு குடும்பப் பெயரும் மதிக்க ஒரு நெறியும் இருந்தன. யூகிக்கு அவை இரண்டும் இல்லை. வாளை விட்டுக் கைச்சண்டைதான் வேண்டும் என்றால், 1974இல் ‘சிஸ்டர் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ படத்தில் நடித்த எட்சுகோ ஷிஹோமியையும், கராத்தே பயின்ற ரினா தகேதா நடித்த 2009ஆம் ஆண்டின் ‘ஹை கிக் கேர்ள்’ படத்தையும் பாருங்கள். பின்னதில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. உதைகள் மட்டும் உண்மையானவை.

இனி ‘கில் பில்’. 2003இல் வந்த அதன் முதல் பாகத்தில், பனி படர்ந்த தோட்டத்தில் நடக்கும் இறுதிச் சண்டை, அத்தியாயப் பிரிப்பு, எதிரியின் இளமைக்காலத்தை ஓவிய அசைவுப்படமாகச் சொல்வது, காஜியின் பாடலையே ஒலிக்கவிடுவது என்று கடன்கள் வெளிப்படையானவை. டரான்டினோ அவற்றை மறைக்கவும் இல்லை. ஆனால் அவர் எடுத்துக்கொள்ளாமல் விட்டது எது என்று பார்ப்பது பயனுள்ளது. அவருடைய நாயகி தனக்கு நேர்ந்த தீங்குக்குத் தானே பழிதீர்க்கிறாள். அவளுடைய கோபத்தில் யாருக்கும் ஐயமில்லை. வரலாறும் அங்கே இல்லை. யூகியின் கதையிலிருந்து இரத்த வரியையும் தாயின் வஞ்சினத்தையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது பனியும் வாளும். அந்த இரண்டும் பத்திரமாகக் கடல் தாண்டிவிட்டன.

படத்தின் பிற்பகுதியில் ஆஷியோ என்ற எழுத்தாளன் வருகிறான். யூகியின் கதையைத் தொடராக எழுதி வெளியிட்டு, மறைந்திருக்கும் எதிரிகளை வெளியே வரச் செய்யலாம் என்பது திட்டம். பழிவாங்கல் அச்சேறிப் பரபரப்புச் சரக்காகும் இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இருவருக்கும் இடையே மலரும் அன்பு போதிய இடம் பெறாமல் அவசரமாக முடிகிறது. இது படத்தின் குறை என்றே சொல்வேன். இரண்டாவது எதிரியான ஒகோனோ, யூகியின் கையில் சிக்காமல் தூக்கில் தொங்கிவிடுகிறாள். யூகி அந்தப் பிணத்தையாவது வெட்டுகிறாள். வஞ்சினம் எவ்வளவு இயந்திரமாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு காட்சி தேவையில்லை. கடைசி எதிரியான சுகமோதோ இறந்துவிட்டதாக நம்பப்பட்டவன். உண்மையில் ஆயுதக் கடத்தலில் கொழுத்து உயிரோடு இருக்கிறான். அவனைத் தேடி யூகி போகும் இடம் ரொக்குமெய்கான் மாளிகை. மேற்கத்தியருக்கு ஈடாக நாகரிகம் அடைந்துவிட்டோம் என்று காட்டுவதற்காக 1883இல் அரசு கட்டிய விருந்தினர் மாளிகை அது. ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. கோட்டும் கவுனும் அணிந்த முகமூடி நடனத்துக்கு நடுவே, இரத்த வரியின் பெயரால் ஏழைகளைச் சுரண்டியவன் பெரிய மனிதனாக நிற்கிறான். ஆஷியோ அவனுடைய மகன் என்பதும் அதற்குள் தெரிந்துவிடுகிறது. தந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆஷியோவின் உடலை ஊடுருவித்தான் யூகியின் வாள் அவனைச் சென்றடைகிறது.

வெளியே பனி பெய்துகொண்டிருக்கிறது. குண்டடிபட்டுத் தள்ளாடி வரும் யூகியை எதிர்கொண்டு கத்தியால் குத்துகிறவள், கடற்கரையில் கொல்லப்பட்ட பான்ஸோவின் மகள் கோபுவே. தந்தைக்காகப் பழிதீர்க்கும் மகள். பழைய மரபின்படி அதில் குறை காண எதுவும் இல்லை. இந்த இடத்தில் இசையோ வசனமோ எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. யூகி பனியில் விழுந்து, வாழ்வில் முதல்முறையாக வாய்விட்டு அலறுகிறாள். விடியும்போது அவள் கண்கள் திறக்கின்றன.

அந்தக் கண்கள் திறந்ததால் 1974இல் இரண்டாம் பாகமும் வந்தது. ரஷ்ய-ஜப்பானியப் போருக்குப் பிந்தைய காலத்தில் நடப்பது. மரண தண்டனை பெற்ற யூகியை இரகசியக் காவல்துறை மீட்டு, ஓர் அரசின்மைவாதியை வேவு பார்க்க அனுப்புகிறது. அந்த அரசின்மைவாதியாக நடித்தவர் பின்னாளில் ‘தம்போபோ’ என்ற படத்தை இயக்கிய ஜூஸோ இதாமி. அரசியல் இன்னும் வெளிப்படையாக இருந்தும், யூகிக்குத் தனக்கென்று ஒரு நோக்கம் இல்லாததால் படம் தளர்கிறது. முதல் பாகத்தைப் பார்த்து ஒரு வாரமாவது கழித்து அதைப் பாருங்கள். 2016இல், பழைய படங்களை வட்டுகளாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் இரண்டையும் சேர்த்து நல்ல பிரதியாக வெளியிட்டிருக்கிறது. வன்கொடுமைக் காட்சியும் குருதியும் இருப்பதால் வீட்டில் குழந்தைகள் உறங்கிய பிறகு பார்ப்பதே நல்லது.